இந்து ஃபிலிமைக் கொன்றது டிஜிட்டல் கேமராவா? தேதிகளை வைத்து ஒரு சின்ன விசாரணை

"ஊட்டியில ஒரு ஃபிலிம் ஃபேக்டரி இருந்துச்சு. டிஜிட்டல் கேமரா வந்துச்சு. மூடிட்டாங்க." ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். கேட்பவரும் "ஆமா, காலம் மாறிடுச்சு" என்று தலையாட்டுவார். பழைய கேமராக்களின் மேல் ஆசையோடு எழுதப்படும் கட்டுரைகளிலும் இதே மூன்று வாக்கியம், கொஞ்சம் கண்ணீர் சேர்த்து, வந்துவிடுகிறது.

இந்தக் கதை தப்பு என்பதுதான் என் வாதம். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நடுராத்திரி சர்வர் விழுந்துவிட்டால், மறுநாள் காலை மீட்டிங்கில் யாராவது "நேத்து சாயங்காலம் போட்ட புது ரிலீஸ்தான் காரணம்" என்பார். உடனே நம்பிவிடக் கூடாது. முதலில் லாகைத் திறந்து நேரத்தைப் பார்க்க வேண்டும். முதல் எரர் மதியம் 2 மணிக்கே வந்திருந்து, ரிலீஸ் 6 மணிக்குப் போயிருந்தால், அந்த ரிலீஸ் குற்றவாளி கிடையாது. விளைவுக்குப் பிறகு காரணம் வர முடியாது, அவ்வளவுதான். அதே வேலையை ஊட்டி ஃபேக்டரிக்குச் செய்து பார்க்கலாம்.

முதலில், அது என்ன கம்பெனி?

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். ஊட்டிக்குப் பக்கத்தில் ஆலை, 1967-இல் உற்பத்தி ஆரம்பம். தொழில்நுட்பம் பிரான்ஸில் இருந்து வந்தது. பிராண்டு பெயர் "இந்து". மதம் இல்லை, நிலா. இந்துமதி, இந்துலேகா என்ற பெயர்களில் வருகிற அதே இந்து. ஆலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர் வந்துவிட்டது. நம்ம அம்பத்தூரிலும் இந்தக் கம்பெனிக்கு ஒரு யூனிட் இருந்தது என்பது இங்கே இருக்கிற பலருக்கே ஞாபகம் இல்லை.

ஏன் ஊட்டி? ஃபிலிம் செய்வது என்றால் பிளாஸ்டிக் சுருளை வெட்டிப் பெட்டியில் போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களை ஜெலட்டினில் கலந்து, அந்தக் கலவையை மெல்லிய தாளின் மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். அதையும் இருட்டில் செய்ய வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அது யாரோ ஒருவரின் கல்யாண போட்டோவில் புள்ளியாக வரும். அதனால் தூசி குறைந்த காற்று, சுத்தமான தண்ணீர், குளிர்ந்த வானிலை மூன்றும் வேண்டும். உலகத்தில் இதை அடிப்படையிலிருந்து செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது, ஊட்டியினால்.

கறுப்பு வெள்ளை ரோல், போட்டோ பேப்பர், சினிமா பாசிட்டிவ், எக்ஸ்ரே ஃபிலிம், அச்சுத் தொழிலுக்கான ஃபிலிம் எல்லாம் அங்கே வந்தன. கிளிக் த்ரீ கேமராவில் 120 ரோல் போட்டு, பன்னிரண்டு படம் எடுத்து, கழுவக் கொடுத்த தலைமுறைக்கு "இந்து" பெட்டி பழக்கமான பொருள்.

இப்போது லாகைத் திறப்போம்

நான் சரியென்று உறுதியாக நம்பும் தேதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1990-களின் நடுவில், அதாவது 1995-96 வாக்கில், இந்த நிறுவனம் தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் நலிவடைந்த நிறுவனமாக நிற்கிறது. 2003-இல் மூடிவிடலாம் என்று அதே வாரியம் பரிந்துரைக்கிறது. வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, 2014-இல் மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வருகிறது. நம் விசாரணைக்கு முக்கியமான தேதி முதலாவதுதான். நோய் உறுதியான தேதி அது. மற்ற இரண்டும் வென்டிலேட்டரில் இருந்த காலம்.

1995-96-இல் டிஜிட்டல் கேமரா எந்த நிலையில் இருந்தது? அந்த வருடத்தின் பரபரப்பான மாடல் கேஸியோ க்யூவி-10. அது எடுக்கும் படம் 320 × 240 புள்ளிகள், பெருக்கினால் 76,800. இன்றைக்கு ஒரு சாதாரண போனில் வருகிற 12 மெகாபிக்சலோடு ஒப்பிட்டால் நூற்றைம்பதில் ஒரு பங்கு கூட இல்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்ததே 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் கூட இல்லை. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு ஸ்டுடியோக்காரர் 1996-இல் டிஜிட்டலுக்கு மாறி, அதனால் இந்து ரோல் வாங்குவதை நிறுத்தினார் என்று யாராவது சொன்னால், ஸ்டுடியோக்காரர்களே சிரிப்பார்கள்.

இன்னொரு பக்கம், உலகம் முழுக்க ஃபிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டது 2000-ஆம் ஆண்டை ஒட்டி. அதாவது நம் ஆலை படுக்கையில் விழுந்தபோது அந்தத் தொழிலே இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எல்லாக் கடையிலும் கூட்டம் அலைமோதும்போது ஒரு கடை மட்டும் போணியாகாமல் மூடினால், ஊரில் வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

சினிமா ஒரு சாட்சி

நம்ம ஊரில் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. பூந்தமல்லி சாலையில் ஷூட்டிங் வண்டிகள் போய்வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 150 நிமிடம், 13,500 அடி. ஒரு படத்துக்கு நூறு பிரிண்ட் போட்டால் 13 லட்சத்து 50 ஆயிரம் அடி, சுமார் 411 கிலோமீட்டர். சென்னையில் இருந்து பிரித்துக்கொண்டே போனால் திருச்சியைத் தாண்டி மதுரைப் பக்கம் போய்விடும். இது ஒரே ஒரு படத்தின் தியேட்டர் பிரிண்டுகள் மட்டும். ஷூட்டிங்கில் ஓட்டித் தள்ளிய நெகட்டிவ் தனி. 2000-களின் பின்பாதியில் இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் படங்களுக்கு மேல் சென்சாருக்குப் போய்க்கொண்டிருந்தன.

பி.சி.ஸ்ரீராம் டிஜிட்டலில் எடுத்த "வானம் வசப்படும்" வந்தது 2004-இல். அப்போதும் அது ஒரு பரிசோதனை முயற்சியாகத்தான் பார்க்கப்பட்டது. ஏரி, பானாவிஷன், ஆட்டான் கம்பெனிகள் புது ஃபிலிம் கேமரா செய்வதை நிறுத்தியது 2011 வாக்கில். ஃபியூஜி சினிமா ஃபிலிமை நிறுத்தியது 2013-இல். ஆக, 1996-க்குப் பிறகும் பதினைந்து வருடம் இந்திய சினிமா கிலோமீட்டர் கணக்கில் ஃபிலிம் தின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான், எக்ஸ்ரே என்றாலே ஃபிலிம். வாங்க ஆள் இருந்தார்கள், வாங்கினார்கள். ஊட்டியிடம் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் யார்?

ஒற்றைக் குற்றவாளியைத் தேடினால் இங்கேயும் தப்பு செய்வோம். "தாராளமயம்தான் கொன்னுடுச்சு" என்று இன்னொரு குழு சொல்லும். அதிலும் பாதிதான் உண்மை. நான் பார்க்கிற வரிசை இது.

முதலாவது, கலர். ஊட்டியின் பலம் கறுப்பு வெள்ளை. கலர் ஃபிலிம் வேறு விஷயம். ஒரு மயிரிழையைவிட மெல்லிய பூச்சுக்குள் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள், ஒவ்வொன்றிலும் தனி வேதியியல். 1980-களில் தமிழ் சினிமாவும் ஸ்டுடியோக்களும் கலருக்கு முழுசாகப் போய்விட்டன. ஊர் ஊருக்கு கலர் லேப் வந்து, ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் என்று போர்டு மாட்டின. கலரைப் பொறுத்தவரை இங்கே நடந்தது பெரும்பாலும் வெளிநாட்டு ஜம்போ ரோலை வாங்கி, வெட்டி, பெட்டியில் போட்டு விற்பது. அதில் கற்றுக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை, லாபமும் குறைவு. சந்தை போன பெரிய திருப்பத்தை நிறுவனம் தவறவிட்டது இங்கேதான், டிஜிட்டலுக்குப் பத்து வருடம் முன்னாலேயே.

இரண்டாவது, கடன். பாலியெஸ்டர் அடித்தளத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் செய்ய வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் பெரிய ஆலை போட்டார்கள். யோசனையில் தப்பில்லை. எக்ஸ்ரே சந்தை நிஜமாகவே பெரிசு. ஆனால் கடனில் கட்டிய ஆலை, விற்பனை வருவதற்கு முன்பே வட்டி கேட்க ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது. வரிச் சுவருக்குப் பின்னால் நின்று பழகிய நிறுவனம், சுவர் இறங்கும் அதே நேரத்தில் புது ஆலையின் கடனையும் சுமந்துகொண்டு கோடாக், ஃபியூஜி, கொனிகா, ஆக்ஃபா போன்ற ஜாம்பவான்களோடு விலையில் போட்டி போட வேண்டியிருந்தது. இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கலாம்.

நான்காவது, என் பார்வையில் மன்னிக்க முடியாதது, முடிவெடுக்காமை. 2003-இல் மூடலாம் என்று பரிந்துரை, 2014-இல்தான் ஊழியர்களுக்குக் கணக்குத் தீர்ப்பு. நடுவில் பதினோரு வருடம். அந்தக் காலத்தில் வட்டி மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. 2010-க்குப் பிறகு, கிட்டத்தட்ட எதுவுமே உற்பத்தி செய்யாத இந்த நிறுவனம் கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. அதில் பெரும்பகுதி வட்டி. நாட்டிலேயே அதிக நஷ்டம் காட்டும் பொதுத்துறை நிறுவனங்களின் வரிசையில் ஏர் இந்தியா, பி.எஸ்.என்.எல். மாதிரி மலைகளுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஆலையின் பெயரும் நின்றது. வேலை இல்லாத ஆலைக்கு, பழைய சம்பள விகிதத்தில், முதுமையை நோக்கிப் போய்வந்துகொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். "டெக்னாலஜி மாறிடுச்சு" என்ற வார்த்தை இந்தப் பதினோரு வருடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறது.

"எப்படியும் போயிருக்கும்தானே?"

நியாயமான கேள்வி. 1996-இல் பிழைத்திருந்தாலும் 2010-இல் டிஜிட்டல் வந்து முடித்திருக்காதா? இதற்கு மூன்று உதாரணங்கள்.

கோடாக். டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்ததே அங்கேதான். 1975-இல் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் எஞ்சினியர் செய்தது, 100 × 100 புள்ளி, ஒரு படத்தை கேசட் டேப்பில் எழுத 23 விநாடி. "கண்டுபிடித்துவிட்டு அலமாரியில் வைத்தார்கள், அதனால் செத்தார்கள்" என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்வது வழக்கம். இதுவும் சோம்பேறித்தனமான கதை. 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடம் கோடாக்குக்குத்தான். பிரச்சினை லாபத்தில் இருந்தது. ஃபிலிம் என்பது திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய பொருள், கேமரா ஒரு தடவை வாங்குவது. அந்தக் கேமராவையும் பிறகு போன் விழுங்கியது. நடுவில் வேதியியல் பிரிவை 1994-இல் தனியாகப் பிரித்துவிட்டார்கள், மருத்துவ இமேஜிங் பிரிவை 2007-இல் விற்றுவிட்டார்கள். 2012 ஜனவரியில் திவால் மனு.

ஃபியூஜி. அதே ஃபிலிம் தொழில், அதே வீழ்ச்சி. ஆனால் "நமக்கு என்ன தெரியும்?" என்று உட்கார்ந்து யோசித்தார்கள். மெல்லிய அடுக்கு பூசத் தெரியும், எனவே எல்சிடி திரைகளுக்கான ஃபிலிம். ஜெலட்டின், அதாவது கொலாஜன் தெரியும், நிறம் மங்காமல் காக்கும் வேதியியல் தெரியும், எனவே 2007-இல் முகத்துக்குப் பூசும் கிரீம். சிரிப்பு வரலாம். கம்பெனி பிழைத்தது.

மூன்றாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கம், இங்கிலாந்தின் இல்ஃபோர்டு. கறுப்பு வெள்ளையில் பேர்போன கம்பெனி. 2004-இல் அதுவும் விழுந்தது. உள்ளே இருந்த மேலாளர்கள் சிலர் 2005-இல் வாங்கி, சின்னதாக்கி, ஹார்மன் என்ற பெயரில் நடத்தினார்கள். இன்றைக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் செய்து உலகம் முழுக்க விற்கிறார்கள். ஃபிலிம் மேல் ஆசைப்பட்டுத் திரும்பி வரும் இளைஞர்கள் சென்னையில் வாங்குவதும் அதைத்தான், நல்ல விலை கொடுத்து, இறக்குமதியில். அந்த வேலை தெரிந்த ஆட்களும் இயந்திரமும் நீலகிரியில் இருந்தன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஊட்டி கட்டாயம் இல்ஃபோர்டு ஆகியிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கடன் கழுத்தை நெரிக்காத ஒரு நிறுவனத்துக்கு யோசிக்கப் பதினைந்து வருடம் கிடைத்திருக்கும். அதுதான் பறிபோனது.

ஏக்கக் கட்டுரைகளோடு எனக்குள்ள சண்டை

"ஃபிலிமில் உயிர் இருந்தது, டிஜிட்டலில் இல்லை" என்கிற வகை எழுத்து இப்போது நிறைய வருகிறது. அதில் இரண்டு விஷயம் காணாமல் போகிறது.

ஒன்று, விலை. ரோல், கழுவுகிற கூலி, பிரிண்ட் என்று காசு கரைந்த காலத்தில், ஆயுளில் ஒரே ஒரு போட்டோவோடு போனவர்கள் ஏராளம். அதுவும் குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில், பாதி முகமாக. படம் போட்டு மாலை மாட்டுவதற்கு ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிய குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களுக்கு டிஜிட்டல் செய்தது நல்லதுதான்.

இரண்டு, ஃபிலிம் தானாக நிலைக்காது. வீட்டில் சோதித்துப் பாருங்கள். தாத்தா பாட்டியின் 1960-களின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் கணீரென்று இருக்கும். அப்பா அம்மாவின் 1980-களின் கலர் ஆல்பம் சிவந்து போயிருக்கும். காரணம் எளிது. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளி உலோகத்தால் ஆனது. கலர் படம் சாயத்தால் ஆனது, அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்க, சிவப்பு மிஞ்சுகிறது. நெகட்டிவுக்கும் ஆபத்து உண்டு. அசிட்டேட் ஃபிலிம் நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும். இந்த வாடை வந்துவிட்டால் அது பக்கத்தில் இருக்கும் ஃபிலிமையும் கெடுக்கும், உடனே பிரித்து வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போன ஆல்பங்கள் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அதோடு வெள்ளி. ஸ்டுடியோக்கள் பழைய நெகட்டிவை வெள்ளிக்காக எடைக்குப் போட்டன, கண்ணாடி நெகட்டிவைக் கழுவி வெறும் கண்ணாடியாக்கின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டமும் சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கிய வேலையைப் பாருங்கள். ஃபிலிமைக் காப்பாற்றியது டிஜிட்டல்தான். ஏக்கக் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை.

இதெல்லாம் இப்போ எதுக்கு?

காரணத்துக்கு என்ன பெயர் வைக்கிறோமோ, அதை வைத்துத்தான் பாடம் வரும். "டிஜிட்டல் கொன்றது" என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. புயல் அடித்தது, மரம் விழுந்தது என்கிற மாதிரி. "கலரைத் தவறவிட்டோம், கடனில் ஆலை போட்டோம், பதினோரு வருடம் முடிவெடுக்காமல் விட்டோம்" என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு மேசையும் இருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. "டச் போன் வந்து நோக்கியாவை முடிச்சிடுச்சு" என்பார்கள். கம்பெனி சரிந்ததற்கு அது சரி. இந்த ஆலை நின்ற விதத்துக்கு அது போதாது. வருமான வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால், மற்ற ஆலைகளைப் போல மைக்ரோசாஃப்ட் கைக்கு இது மாறவே இல்லை. அங்கேயும் தேதிகளைப் பார்த்தால்தான் கதை புரிகிறது.

அடுத்து நம்ம அம்பத்தூர் எஸ்டேட். பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு உதிரிபாகம் செய்து பிழைக்கும் பட்டறைகள் இங்கே எத்தனை எத்தனை. மின்சார வண்டி பெருகப் பெருக, இதில் சில மூடும். அன்றைக்கு "ஈவி வந்துச்சு, மூடிட்டாங்க" என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. எந்த வருடம் ஆர்டர் குறைந்தது, எந்த வருடம் கடன் வாங்கினார்கள், தொழிலாளிக்குப் பாக்கி எப்போது நின்றது என்று யாராவது இப்போதே எழுதி வைத்தால் நல்லது.

ஊட்டி விஷயத்திலும் இன்னும் ஒரு வேலை பாக்கி. இருட்டறையில் கை வைத்தே பூச்சின் பதம் தெரிந்துகொண்டவர்கள் இன்று வயதானவர்கள். நீலகிரியிலும் கோவையிலும், அம்பத்தூர் யூனிட்டை ஒட்டி இங்கேயும் இருப்பார்கள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, என்ன மெஷின், எந்த வருடம் எது நின்றது என்று கேளுங்கள். தேதிகளை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.